தொலைவும் மௌனமும்

ஒரே ஊரிலோ ஒரே கல்லூரியிலோ இல்லாத, பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் கண்டிராத மாணவர்கள், மின்னஞ்சலும் காணொலி அழைப்பும் பகிர்ந்தெழுதும் ஆவணங்களும் மட்டுமே துணையாக ஒரு பொதுவேலையைக் குறித்த காலத்துக்குள் செய்து முடிக்கும் ஏற்பாட்டைக் கல்வியாளர்கள் மெய்நிகர் குழு என்று வழங்குகின்றனர். அக்குழுவினர் பல நாட்டவராக இருந்தால் அது பன்னாட்டு மெய்நிகர் குழுவாகிறது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில்தான் இது பிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும் இதன் வயது அதைவிடக் கூடுதல். பனிப்போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த 1988இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியே இணைத்த திட்டமே பின்னர் ஐயர்ன் என்னும் உலகளாவிய பள்ளி வலையமைப்பாக வளர்ந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் இணையவழிக் கூட்டுப் பன்னாட்டுக் கற்றலுக்கென ஒரு மையத்தை நிறுவியது. வணிகவியல் மாணவரைப் பல நாட்டுக் குழுக்களாகப் பிரித்து நிறுவனங்களின் உண்மைச் சிக்கல்களுக்குத் தீர்வு காணச் செய்யும் எக்ஸ்-கல்ச்சர் என்னும் திட்டம் 2010இல் தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியிலிருந்து பேருந்தேறி நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்குச் செல்லும் மாணவருக்கும் இத்தகைய குழுவொன்றில் இடம்பெறுவது இன்று எட்டாத காரியமன்று.

இக்குழுக்களில் மாணவர் கற்க வேண்டியவற்றைச் சொல்லும் கையேடுகள் மென்பொருள் பழக்கம், ஆங்கிலச் சரளம், பிற பண்பாட்டை மதிக்கும் மனம் ஆகிய மூன்றை முன்னிறுத்துகின்றன. மூன்றும் வேண்டியவையே. ஆயினும் அவை கைவந்த மாணவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அருகிருந்து பழகியவர்களிடையே பேசாமலிருப்பதற்கும் ஒரு பொருள் இருக்கிறது. தொலைவில் அந்தப் பொருள் அழிந்துவிடுகிறது. எனவே பேசும் சொல்லுக்குப் பொறுப்பேற்பதுபோல் பேசாதிருக்கும் நேரத்துக்கும் பொறுப்பேற்பதே மெய்நிகர் குழுவில் மாணவர் கற்கும் தலையாய பாடம் என்று கொள்ள இடமிருக்கிறது.

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் முக்கியமானது மாணவர் குழுக்களை வைத்தே செய்யப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் கேத்தரின் கிராம்டன், வெவ்வேறு இடங்களில் இருந்த மாணவர்களைக் கொண்ட 13 குழுக்களின் கடிதப் போக்குவரத்தைத் தொகுத்து ஆராய்ந்து, 2001இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குழுவினர் எல்லாரும் அறிந்திருக்கிறார்கள் என்பதை எல்லாரும் அறிந்திருக்கும் செய்தியே பொது அறிவு. அது உருவாகாமல் போவதற்கு ஐந்து காரணங்களை அவர் வகைப்படுத்தினார். தம் சூழலைப் பிறருக்குச் சொல்லாமலும் பிறர் சொன்னதை நினைவில் கொள்ளாமலும் விடுதல், ஒரு செய்தி சிலருக்குச் சென்று சிலருக்குச் செல்லாமை, தாம் எழுதியதில் எது முக்கியம் என்பதை உணர்த்த இயலாமை, செய்தி கிடைக்கும் வேகத்தில் உள்ள வேறுபாடு, மௌனத்துக்குப் பொருள் காண முடியாமை என்பவை அவை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று தமிழில் ஒரு முதுமொழி வழங்குகிறது. மெய்நிகர் குழுவில் அதே மௌனம் சம்மதமாகவும் இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம்; மின்வெட்டு, காய்ச்சல், மாதிரித் தேர்வு, கோயில் கொடை, கடிதம் வந்து சேராமை, வந்தும் படிக்காமை, படித்தும் புரியாமை, புரிந்தும் பதில் சொல்லக் கூச்சப்படுதல் ஆகிய எதுவாகவும் இருக்கலாம்.

கிராம்டன் கண்ட இன்னொன்று இதைவிடக் கூர்மையானது. காரணம் தெரியாத மௌனத்தை எதிர்கொள்ளும்போது மனிதர்கள் அதைச் சூழலின் மேல் ஏற்றுவதைவிட ஆளின் மேல் ஏற்றவே முற்படுகிறார்கள். விடை தராத தோழருடைய ஊரில் மூன்று நாள் விடுமுறை என்பது தெரியாதவரை அவர் பொறுப்பற்றவராகவே தோன்றுகிறார். அவ்வாறு ஒருமுறை முத்திரை குத்தப்பட்டவர் பின்னர் எழுதும் நல்ல யோசனையும் ஐயத்தோடுதான் படிக்கப்படும்.

அதே காலத்தில் சிர்க்கா யார்வென்பாவும் உடனாய்வாளர் இருவரும், ஒவ்வொன்றிலும் நான்கு முதல் ஆறு பேர் கொண்ட 75 பன்னாட்டுக் குழுக்களை எட்டு வாரம் பின்தொடர்ந்து 1998இல் எழுதிய ஆய்வும், அவர் டாரத்தி லைட்னருடன் 1999இல் எழுதிய கட்டுரையும் நம்பிக்கையைப் பற்றியவை. நெடுநாள் பழகி உண்டாகும் நம்பிக்கைக்கு நேரமில்லாத தற்காலிகக் குழுக்களில், வேலையைத் தொடங்குவதற்காகவே முன்கூட்டிக் கடனாகக் கொடுக்கப்படும் நம்பிக்கை ஒன்று இருக்கிறது. இதை விரைவு நம்பிக்கை என்று மேயர்சன், வைக், கிரேமர் ஆகிய மூவர் 1996இல் குறித்திருந்தனர். மாணவர் குழுக்களிலும் அது எளிதில் தோன்றியது, ஆனால் எளிதில் நொறுங்கவும் செய்தது. அதை இறுதிவரை காத்துக்கொண்ட குழுக்களிடம் காணப்பட்ட பண்பு பேச்சின் அளவைக் காட்டிலும் அதன் ஒழுங்கைச் சார்ந்திருந்தது: எப்போது விடை வரும் என்று பிறரால் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது, வந்த விடையும் கேட்ட கேள்விக்குப் பொருளோடு பதில் சொன்னது.

அருகிருந்து செய்யும் கூட்டுவேலையில் மௌனம் எவ்வளவு பேசுகிறது என்பதை அறிய மயிலாடியின் சிற்பக்கூடங்களைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் திருப்பணிக்கென வந்து தங்கிய சிற்பியரின் வழிவந்த தொழில் என்று ஊரார் சொல்லும் இக்கல்வேலை, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. கருங்கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது சிற்பி அதைத் தட்டிக் கேட்கிறார். மணியோசைபோல் கணீரென்றால் கல் நல்லது. ஓசை மழுங்கினால் உள்ளே விரிசலோ ஊறலோ இருக்கலாம். கல்லின்மேல் காவியால் கோடிட்டு, தாள அளவுப்படி தலை, கழுத்து, மார்பு, இடை என்று பகுத்தபின் வேண்டாத பகுதியை உடைத்தெடுக்கும் முரட்டு வேலை இளையவர் கைக்குச் செல்கிறது. முகம் மூத்தவர் கைக்குரியது, கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரே சிலையின் இருபுறமும் இருவர் உளி பிடித்திருக்கும்போது அவர்களுக்கிடையே பேச்சு அதிகம் தேவைப்படுவதில்லை. உளியோசை மாறினால் கோணம் பிசகிவிட்டது என்று பக்கத்திலிருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது, மூத்தவர் சுத்தியலை நிறுத்தினால் இளையவரும் நிறுத்திப் பார்க்கிறார். சொல்லில் அடங்காமல் கையிலும் கண்ணிலும் தங்கியிருக்கும் இவ்வகை அறிவைத் தத்துவ அறிஞர் மைக்கேல் போலன்யி உள்ளுறை அறிவு என்ற கருத்தால் விளக்கினார். சொல்ல முடிவதைவிட அதிகம் நமக்குத் தெரிந்திருக்கிறது என்பது அதன் சாரம். சிற்பக்கூடத்தில் அது மாணாக்கனுக்குக் கைமாறுவது, நெடுங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால்தான்.

தொலைவில் உள்ளவருக்காக வேலை செய்யும்போது இதே தொழில் தன் நடையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணால் பார்த்து, கையால் தடவி, தலையசைத்து முடிந்த பேச்சு இப்போது சிலையின் உயரமாகவும் பீடத்தின் அகலமாகவும் எந்தக் கையில் எந்த ஆயுதம் என்ற குறிப்பாகவும் எழுத்தில் இறங்க வேண்டும். வாடிக்கையாளருக்கு மயிலாடியின் உளியோசை கேட்காது. சிற்பி சொல்லாமல் விட்டதை அவர் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்வார், பெட்டி பிரிக்கும் நாளில் இரண்டு கற்பனைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். மாணவர் குழுவின் இறுதி வாரத்தில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே.

தொலைவின் மௌனத்தை மயிலாடி இதற்கு முன்பும் கண்டிருக்கிறது. பிரஷ்ய நாட்டவரான வில்லியம் டோபியாஸ் ரிங்கல்தௌபே, லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1806இல் தென்திருவிதாங்கூர் வந்து, அவ்வூர்க்காரரான மகாராசன் வேதமாணிக்கத்தின் துணையோடு மயிலாடியை மையமாக்கிப் பணியாற்றினார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. ஜெர்மன் பேசும் ஊழியர், ஆங்கிலம் பேசும் சங்கம், தமிழ் பேசும் சபை என்று மூன்று மொழிகளும் இரு கண்டங்களும் இணைந்த அந்தக் கூட்டுவேலையின் ஒரே இணைப்பு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்க்கப்பலில் மாதக்கணக்கில் சென்ற கடிதம். கேள்வி எழுதியவருக்கு விடை கிடைப்பதற்குள் கேள்வியின் சூழலே மாறிப்போயிருக்கும். உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே 1816இல் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார். அதன்பின் அவர் என்ன ஆனார் என்பது இன்றளவும் தெளிவாகவில்லை. அடுத்த ஊழியரான சார்லஸ் மீட் 1818இல் வந்து சேரும்வரை சபையைக் காத்தவர் வேதமாணிக்கமே. மேலிடத்தின் மௌனத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிராமல், உள்ளூரில் முடிவெடுக்கும் உரிமையுள்ள ஒருவர் இருந்ததால்தான் அந்த இடைவெளி தாங்கப்பட்டது. இன்றைய குழுக்களுக்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு: விடை வராவிட்டால் யார், எத்தனை நாள் காத்திருந்து, எதை முடிவு செய்யலாம் என்பதை வேலை தொடங்கும்போதே வகுத்துக்கொண்ட குழு விடை வராத காரணத்தால் முடங்குவதில்லை.

மௌனத்தைப் பற்றிய இப்பாடம் தமிழ்நாட்டு மாணவருக்குக் கூடுதல் கடினமாக அமைகிறது. காரணம் அவருடைய குறைபாடு எதுவுமில்லை, அவர் பெற்ற பயிற்சிதான். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதிருப்பது வீட்டில் கற்ற பண்பு. புரிந்ததா என்று ஆசிரியர் கேட்கும்போது வகுப்பே அமைதி காப்பது பள்ளியில் கற்ற பண்பு. ஆசிரியரை சார் என்றும் மூத்த மாணவரை அண்ணா, அக்கா என்றும் விளித்து, அந்த விளியிலேயே மரியாதையையும் வேண்டுகோளையும் அடக்கிவிடும் மாணவர், எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கும் குழுவில் பின்லாந்துத் தோழரின் திட்டத்தில் பிழை கண்டால் எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் தயங்குகிறார். அந்தத் தயக்கம் மரியாதையிலிருந்து பிறந்தது. அங்கே அது அக்கறையின்மையாகப் படிக்கப்படுகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி விழுந்து மூன்று நாளாகியும் விடையில்லை என்றால் எதிர்முனையில் இருப்பவர் வேறு எப்படித்தான் நினைப்பார்?

கடிகாரமும் தன் பங்குக்கு மௌனத்தை உண்டாக்குகிறது. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது என்பதால் பெரும்பாலான நாடுகளோடு கணக்குப் பார்க்கும்போது அந்த அரைமணி ஒட்டிக்கொண்டே வருகிறது. பிப்ரவரியில் தொடங்கும் குழு ஒன்று, வியாழன்தோறும் நியூயார்க்கில் காலை எட்டு மணிக்குக் கூடுவதென்று முடிவு செய்தால் மயிலாடியில் அது மாலை ஆறரை. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்கா கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும்போது அதே கூட்டம் இங்கே ஐந்தரைக்கு வந்துவிடுகிறது. கல்லூரியிலிருந்து திரும்பும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. ஐரோப்பா தன் கடிகாரத்தை மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் மாற்றுகிறது என்பதால் இடையிலுள்ள வாரங்களில் ஜெர்மன் தோழருக்கும் கணக்குப் பிசகுகிறது. கடிகாரத்தை மாற்றாத நாட்டின் மாணவர்தான் கூட்டத்துக்கு வராதவராகப் பதிவாகிறார். மகளிர் விடுதியில் தங்கியிருப்பவருக்கு இரவு நேரக் கட்டுப்பாடு இருந்தால், பத்து மணிக் கூட்டத்தில் அவர் குரல் கேட்காது. தம் விடுதியின் விதியை அயல்நாட்டாருக்கு விளக்குவதைவிட ஒன்றும் சொல்லாமல் விடுவதே மானத்துக்கு ஏற்றது என்று அவர் எண்ணிவிடுவதும் உண்டு.

இத்தடைகளைக் கடந்து தொலைவில் கூடி வேலை செய்யும் வழிகள் தமிழுக்குள்ளேயே உருவாகி இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியலாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாக வழங்கும் தன்னார்வப் பணி. ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொரு நாட்டில் இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். அதன் மின்னூல்களின் தொடக்கத்தில் நூலைத் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், இணைய வடிவம் அமைத்தவர் ஆகியோர் பெயர்கள் நன்றியுடன் குறிக்கப்பட்டிருக்கின்றன. இக்குறிப்பு மரியாதைக்காக மட்டும் எழுதப்பட்டதென்று கொள்ள வேண்டியதில்லை. யார் எதைச் செய்தார் என்பது வெளிப்படையாக நிற்கும் இடத்தில், ஒருவர் பேசாதிருந்தாலும் அவர் செய்த வேலை அவருக்காகப் பேசுகிறது.

தமிழ் விக்கிப்பீடியா இவ்வகையில் இன்னும் விரிவான பள்ளிக்கூடம். 2003இல் தொடங்கிய அதன் அடித்தளத்தைப் பெருமளவு அமைத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து மின்னியல் பேராசிரியர் செ. இரா. செல்வகுமார் முதலான பலர் பல நாடுகளிலிருந்து அதில் உழைத்தனர். ஈழத்தவரும் தமிழகத்தவரும் அயல்பெயர்களை எழுதும் முறையில் வேறுபட்டபோது அந்த விவாதங்கள் உரையாடல் பக்கங்களில் நடந்தன, இன்றும் அங்கேயே படிக்கக் கிடைக்கின்றன. 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி ஒன்றும் நடத்தப்பட்டது. போட்டிக்குக் கட்டுரை எழுதித் தருவது ஒரு திறன்; எழுதியபின், முகம் அறியாத ஒருவர் இதற்குச் சான்று எங்கே என்று கேட்கும்போது ஓடி ஒளியாமல் நின்று விடை சொல்வது வேறொரு திறன். மெய்நிகர் குழுவுக்கு வேண்டியது இரண்டாவது.

அத்தளத்தின் சில சிறு பழக்கங்களை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். உரையாடல் பக்கத்தில் கருத்தெழுதியவர் இறுதியில் நான்கு அலைக்குறிகளை இட்டால் அவர் பெயரும் உலகப் பொது நேரமும் தாமாகவே பதிகின்றன. கட்டுரையில் ஒரு சொல்லை மாற்றினாலும் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று ஒரு வரி எழுதுவதற்குத் தொகுப்புச் சுருக்கம் என்னும் கட்டம் இருக்கிறது. சில நாள் வர இயலாதவர் தம் பயனர் பக்கத்தில் விக்கிவிடுப்பில் இருப்பதாக அறிவிப்பு வைத்துவிட்டுப் போகிறார். எப்போது பேசினார், ஏன் செய்தார், எப்போது பேசமாட்டார் என்ற மூன்றுக்கும் இவ்வாறு இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் அங்கே மௌனத்தை ஊகிக்க வேண்டிய தேவை குறைகிறது.

மாணவரே நேரடியாக ஈடுபட்ட இன்னோர் எடுத்துக்காட்டு இலங்கையில் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் அமைப்புகளின் வழிகாட்டிகளோடு மாணவரை இணைத்துச் சில மாதம் வேலை செய்யவைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டம் 2005இல் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகமாக மொரட்டுவைப் பல்கலைக்கழகம் விளங்கியது. வழிகாட்டி வேறொரு கண்டத்தில் தூங்கும் நேரத்தில் மாணவர் எழுதும் நிரலுக்கு அவர் எழுதி வைக்கும் குறிப்பே சாட்சி. கட்டற்ற மென்பொருள் உலகின் பெரிய அமைப்புகளுள் ஒன்றான அப்பாச்சியில், பொது மின்னஞ்சல் குழுவில் பேசப்படாத எதுவும் நடந்ததாகவே கொள்ளப்படாது என்பது எழுதாச் சட்டம். இருவர் தனியே தொலைபேசியில் எடுத்த முடிவும் அங்கே எழுதப்பட்ட பிறகே முடிவாகிறது. பேச்சுத் திறமை குறைந்த, ஆங்கிலத்தை மெல்ல எழுதும் மாணவருக்கு இவ்விதி பாதுகாப்பாகவும் அமைகிறது. காணொலிக் கூட்டத்தில் வேகமாகப் பேசுபவர் வெல்கிறார், எழுத்தில் யோசித்து எழுதுபவருக்கும் இடம் கிடைக்கிறது.

இதற்கெதிராக ஒரு நியாயமான வாதத்தை முன்வைக்கலாம். ஒவ்வோர் அசைவையும் அறிவித்துக்கொண்டே இருந்தால் வேலை எப்போது நடக்கும்? எல்லாவற்றையும் பதிவாக்கும் பழக்கம், கற்பதைவிடக் கணக்குக் காட்டுவதையே மாணவருக்குப் பழக்கிவிடாதா? சிற்பக்கூடத்தில் கைமாறும் அறிவின் பெரும்பகுதி பேச்சில்லாமல் கைமாறுவதால்தான் ஆழமாக இறங்குகிறது என்பதும் உண்மை. மெய்நிகர் குழு அத்தகைய அறிவைத் தர இயலாது, தருவதாகச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. அதனால் கற்பிக்க முடிவது வேறொன்று: தம் சூழல் பிறருக்குத் தெரியாது என்ற உணர்வு. அருகிலேயே வாழ்பவர்களுக்கு அந்த உணர்வு எளிதில் வருவதில்லை. தம் ஊரின் மழையும் தேர்வு அட்டவணையும் பேருந்து நேரமும் உலகம் அறிந்தவை என்ற மயக்கத்திலிருந்து விடுபட்டு, இவற்றுள் எதைச் சொன்னால் பிறர் வேலை எளிதாகும் என்று தேர்ந்தெடுக்கும் மாணவர் ஒவ்வோர் அசைவையும் அறிவிக்க வேண்டியதில்லை. வெள்ளி வரை தேர்வு, சனி மாலை என் பகுதியை அனுப்புவேன், அதுவரை நீங்கள் எடுக்கும் முடிவு எனக்குச் சம்மதம் என்ற ஒற்றை வரி போதும். அந்த வரி எழுதப்பட்ட பின் வரும் மூன்று நாள் மௌனத்தில் யாருக்கும் ஐயம் எழாது.

பாரத்தை மாணவர் தலையில் மட்டும் ஏற்றுவதும் முறையன்று. கூட்ட நேரத்தைக் குழுவினர் முறைவைத்து மாற்றிக்கொள்ளாதவரை நள்ளிரவும் பேருந்து நேரமும் ஒரே நாட்டவருக்கே வந்து சேரும். இறுதி அறிக்கைக்கு மட்டும் மதிப்பெண் இடும் ஆசிரியர், அதில் ஒரு பக்கமும் எழுதாமல் தோழர்களின் ஐயங்களைத் தீர்த்து, விட்டுப்போன இழைகளை இணைத்துக் குழுவைக் காத்த மாணவருக்குச் சுழியம் தருகிறார். கடிதங்களையும் குறிப்புகளையும் படித்து மதிப்பிடுவது ஆசிரியருக்குக் கூடுதல் வேலைதான். ஆனால் கூடிச் செய்தலைக் கற்பிப்பதாகச் சொல்லும் பாடத்தில் கூடிச் செய்த விதத்தைப் படிக்காமல் வேறு எதைப் படிப்பது? முதல் வாரத்தில் தம் ஊரின் சிறப்பையும் உணவையும் படங்களோடு காட்டச் சொல்லும் வழக்கமான அறிமுகப் பயிற்சிக்குப் பதிலாக, எந்தெந்த நாளில் தம்மால் பேச இயலாது, தம் மௌனத்தை எத்தனை நாளுக்குப் பின் கவலைக்குரியதாகக் கொள்ளலாம், அப்போது தம் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்ற மூன்றையும் ஒவ்வொருவரும் எழுதி வைக்கச் சொன்னால் அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும். பண்பாட்டு அறிமுகமும் அதனூடே தானாக நடந்துவிடும். பொங்கலுக்கு நான்கு நாள் எழுதமாட்டேன் என்று மயிலாடி மாணவர் குறிக்கும்போது பொங்கல் என்றால் என்ன என்று பிரேசில் தோழர் கேட்பார். அந்தக் கேள்விக்கு வேலை சார்ந்த காரணம் ஒன்று இருப்பதால் விடையும் நினைவில் தங்கும்.